ஏழு வக்கீல்கள், ஒன்பது பிள்ளைகள்

கூண்டில் நிற்பவரின் உரிமை: வரலாற்றுத் தொடர் – பகுதி 9

சென்ற பகுதியை இங்கிலாந்தில் நிறுத்தியிருந்தோம். கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றம் சாட்டப்பட்டவருக்காக ஒரு வக்கீல் எழுந்து ஜூரியைப் பார்த்து வாதாட, அந்நாட்டுச் சட்டம் 1836 வரை இடம் தரவில்லை. ராஜதுரோக வழக்குகளுக்கு மட்டும் 1696-லேயே விலக்கு கிடைத்துவிட்டது. அந்த வழக்குகளில் கூண்டேறியவர்கள் பெரும்பாலும் பிரபுக்களும் அரசியல்வாதிகளும். ஆடு திருடியதாகப் பிடிபட்ட கூலிக்காரனுக்கு நீதிபதியே வக்கீல் என்று சட்டம் சமாதானம் சொன்னது.

அமெரிக்கக் குடியேற்றங்கள் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. 13 குடியேற்றங்களில் 12, குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தன. 1791-ல் அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம் அதை எழுத்திலும் பொறித்தது. ஆனால் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன. அந்தத் திருத்தம் மத்திய அரசின் நீதிமன்றங்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. கொலை, திருட்டு, பாலியல் வன்முறை போன்ற வழக்குகளை விசாரித்ததோ மாநில நீதிமன்றங்கள். அடுத்தது, வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக் கையில் காசு இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பதே அப்போது பொருள். காசில்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் 140 ஆண்டுகள் நேரடியாக முகம் கொடுக்கவில்லை. முகம் கொடுக்க வைத்தவர்கள் வேலை தேடிச் சரக்கு ரயிலில் ஏறிய ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள்.

பெயின்ட் ராக் நிலையம்

1931 மார்ச் 25. உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம். வேலை இல்லாத இளைஞர்கள் கறுப்பர், வெள்ளையர் என்ற வேறுபாடின்றிச் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள். டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவிலிருந்து மெம்ஃபிஸ் நோக்கிப் புறப்பட்ட ரயில் இடையில் அலபாமா மாநிலத்துக்குள் புகுந்து போகும். அந்த ரயிலில் வெள்ளை இளைஞர்கள் சிலருக்கும் கறுப்பு இளைஞர்கள் சிலருக்கும் கைகலப்பு மூண்டது. கீழே இறக்கிவிடப்பட்ட வெள்ளை இளைஞர்கள் அருகிலிருந்த நிலையத்துக்குப் போய்ப் புகார் சொன்னார்கள். பெயின்ட் ராக் என்ற சிற்றூரில் துப்பாக்கி ஏந்திய ஊர்க்கூட்டம் ரயிலை மறித்தது.

பெட்டிகளில் அங்கங்கே கிடைத்த ஒன்பது கறுப்புப் பிள்ளைகளை அந்தக் கூட்டம் பிடித்துக் கட்டியது. ஹேவுட் பேட்டர்சன், கிளாரன்ஸ் நாரிஸ், சார்லி வீம்ஸ், ஆண்டி ரைட், அவருடைய தம்பி ராய் ரைட், ஓலன் மாண்ட்கோமரி, ஓசி பவல், வில்லி ராபர்சன், யூஜின் வில்லியம்ஸ். ராய்க்கு வயது 13. மூத்தவருக்கும் இருபதைத் தாண்டவில்லை. சட்டனூகாவிலிருந்து சேர்ந்து வந்த நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஓலனுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. வில்லி கடும் பால்வினை நோயால் தடியூன்றி நடந்தவர்.

அதே ரயிலில் ஆண் உடையில் இரண்டு வெள்ளைப் பெண்களும் இருந்தார்கள். ஹன்ட்ஸ்வில் நகரப் பஞ்சாலைத் தொழிலாளிகளான விக்டோரியா பிரைஸ், ரூபி பேட்ஸ். இந்தப் பிள்ளைகள் தங்களைக் கத்திமுனையில் வன்புணர்ந்ததாக அவர்கள் சொன்னார்கள். அன்றைய தெற்கு மாநிலங்களில் அந்தச் சொல் கறுப்பனின் கழுத்துக்குக் கயிறு. பிள்ளைகளை அடைத்திருந்த ஸ்காட்ஸ்பரோ சிறையை அன்று இரவே நூற்றுக்கணக்கானோர் சூழ்ந்துகொண்டார்கள். ஷெரிஃப் ஆளுநருக்குத் தகவல் சொல்லி ராணுவக் காவல் வரவழைத்ததால்தான் ஒன்பது உயிரும் அன்று தப்பின.

எல்லாரும் என்றால் யார்?

மார்ச் 31 அன்று ஒன்பது பேரும் நீதிபதி ஆல்ஃபிரட் ஹாக்கின்ஸ் முன்னால் நிறுத்தப்பட்டார்கள். மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்குகளில் வசதியற்றவருக்கு வக்கீல் அமர்த்த வேண்டும் என்று அலபாமாவின் சட்டமே சொன்னது. நீதிபதி அதை நிறைவேற்றிய விதம் விசித்திரமானது. குற்றச்சாட்டைப் பதிவுசெய்யும் கட்டத்துக்காக, அந்த ஊரில் தொழில் செய்துவந்த வழக்கறிஞர்கள் அனைவரையும் நியமித்தார். ஏழு பேர்.

ஊருக்கெல்லாம் பொதுவான கண்மாய்க்குக் கரை கட்ட ஆள் வராததுபோல, ஏழு பேருக்கும் பொதுவான கட்சிக்காரர்களுக்காக ஒருவரும் அசையவில்லை. சிறைக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. சாட்சி தேடவில்லை. பெற்றோருக்குக் கடிதம் எழுதவில்லை. இதில் மனத்தை உலுக்கும் செய்தி ஒன்று உண்டு. உள்ளூர் வழக்கறிஞர்களில் முன்னணியில் இருந்த ஒருவர், பிள்ளைகளுக்கு வேறு வக்கீல் வருகிறார் என்று எண்ணி, அரசுத் தரப்பில் சேர்ந்து அவர்களுக்கு எதிராகவே வழக்கை நடத்தினார்.

ஏப்ரல் 6, திங்கட்கிழமை. பிடிபட்ட பன்னிரண்டாம் நாள். நீதிமன்ற வளாகத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான மக்கள். நடுவே இயந்திரத் துப்பாக்கிகளுடன் ராணுவம். அந்தக் காலையில் சட்டனூகாவிலிருந்து ஸ்டீவன் ராடி என்பவர் வந்தார். அங்கிருந்த கறுப்பினப் பாதிரிமார்கள் சிறு தொகை திரட்டி அனுப்பிய வக்கீல். மனை, நிலம் தொடர்பான வழக்குகள் பார்ப்பவர். தான் முறையாக அமர்த்தப்படவில்லை, வழக்குக்குத் தயாராகவில்லை, அலபாமாவின் நடைமுறையும் தனக்குத் தெரியாது என்று அவரே நீதிபதியிடம் சொன்னார். உள்ளூர்க்காரர் யாராவது முன்வந்தால் கூட இருந்து உதவுவேன் என்றார். எழுபதை நெருங்கிய மைலோ மூடி என்ற உள்ளூர் வக்கீல், தன்னால் ஆனதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார். இவ்வளவுதான் வக்கீல் நியமனம். கட்சிக்காரர்களிடம் பேச ராடிக்குக் கிடைத்தது அரைமணி நேரம்கூட இல்லை. அந்த அரைமணிக்குள் ஒன்பது உயிர்.

நான்கே நாளில் நான்கு விசாரணைகள் முடிந்தன. நாரிஸும் வீம்ஸும் முதலில். அவர்களுக்கு மரண தண்டனை என்று ஜூரி சொன்னதும் கூடத்திலும் வெளியிலும் எழுந்த ஆரவாரம், பேட்டர்சன் வழக்கை விசாரிக்க வேண்டிய அடுத்த ஜூரியின் காதிலும் விழுந்தது. பேட்டர்சனுக்கும் மரணம். அடுத்து ஐந்து பேரை ஒரே வழக்காக நிறுத்தினார்கள், ஐவருக்கும் மரணம். பதின்மூன்று வயது ராய்க்கு மட்டும் அரசுத் தரப்பே ஆயுள் தண்டனைதான் கேட்டது. ஜூரியில் பெரும்பாலோர் அவனுக்கும் மரணம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் முடிவு எட்டப்படாமல் அந்த விசாரணை கலைந்தது.

கேட்கப்படாத கேள்விகள்

தற்காப்பு வக்கீல் என்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதை, அந்த வேலை நடக்காத இடத்தில் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

இரண்டு பெண்களையும் சம்பவம் நடந்ததாகச் சொன்ன இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர்கள் பரிசோதித்திருந்தார்கள். பலர் அடித்து, கத்தி காட்டி, சரளைக் கல்மேல் கிடத்தி வன்புணர்ந்ததாகச் சொன்ன விக்டோரியா பிரைஸின் உடலில் அதற்கேற்ற காயங்கள் இல்லை. பரிசோதனையின்போது அவர் பதற்றமின்றி இருந்தார். இவை அரசுத் தரப்பு மருத்துவரின் வாயிலிருந்தே வந்தவை. இதைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நாள் குறுக்கு விசாரணை நடத்தியிருக்கலாம். ராடி மேலோட்டமாகக் கேட்டுவிட்டு அமர்ந்தார். தடியில்லாமல் நடக்க முடியாத வில்லி ஓடும் ரயிலில் பெட்டிக்குப் பெட்டி தாவினாரா என்று எவரும் அழுத்திக் கேட்கவில்லை. முதல் வழக்கில் தற்காப்புத் தரப்பு நிறைவுரையே நிகழ்த்தவில்லை.

இதைவிடக் கொடியது வேறொன்று. கூண்டேறிய நாரிஸ், தான் எதுவும் செய்யவில்லை, மற்றவர்கள்தான் செய்தார்கள் என்று சொன்னார். முந்தைய இரவு காவலர்கள் தன்னை அடித்ததாகப் பிற்காலத்தில் அவர் விளக்கினார். பேட்டர்சனும் ஒரு கட்டத்தில் மற்றவர்கள்மீது பழி போட்டுவிட்டுப் பிறகு மறுத்தார். மிரண்டுபோன பிள்ளைகள், ஒருவர் கழுத்திலிருந்த கயிற்றை இன்னொருவர் கழுத்துக்கு மாற்றினால் பிழைக்கலாம் என்று நினைத்தார்கள். உட்காரவைத்து, பயப்படாதே, உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல் என்று எடுத்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. வக்கீலின் முதல் வேலை வாதம் செய்வதற்கும் முன்பே தொடங்குகிறது: அச்சத்தில் உறைந்த மனிதனைத் தன்னைப் பற்றி உண்மை பேசக்கூடியவனாக ஆக்குவது.

வாஷிங்டனில் ஒரு தீர்ப்பு

எட்டுப் பேரின் தண்டனையை நிறைவேற்ற ஜூலை 10 என்று நாள் குறித்தாயிற்று. மேல்முறையீடு அதைத் தள்ளிவைத்தது. கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த சர்வதேசத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு வழக்கைக் கையில் எடுத்தது. ஆண்டி, ராய் இருவரின் தாயான ஏடா ரைட் 1932-ல் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் போய் மேடை மேடையாகத் தன் பிள்ளைகளுக்காகப் பேசினார். வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்மணி அவர்.

1932 மார்ச்சில் அலபாமா உச்ச நீதிமன்றம், சிறுவர் என்ற காரணத்தால் யூஜின் வில்லியம்ஸை மட்டும் விலக்கி, ஏழு பேரின் தண்டனையை உறுதி செய்தது. அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் ஆண்டர்சன் மட்டும் இது நியாயமான விசாரணை இல்லை என்று தனித்து எழுதினார். தன் ஊர், தன் நீதிமன்றம், தன் சக நீதிபதிகள் எல்லாரும் ஒரு பக்கம் நிற்க, மறுபக்கம் நின்ற அவர் பெயரை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

வழக்கு வாஷிங்டனுக்குப் போனது. பிள்ளைகளுக்காக வால்டர் பொல்லாக் வாதாடினார். 1932 நவம்பர் 7 அன்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை ரத்து செய்தது. பவல் எதிர் அலபாமா என்று சட்டப் புத்தகங்களில் நிலைத்த தீர்ப்பு இது. எழுதியவர் ஜார்ஜ் சதர்லேண்ட். பொருளாதார வழக்குகளில் பழமைவாதத்தின் தூண் என்று அறியப்பட்டவர். அவரே இதை எழுதியதால் தீர்ப்புக்குக் கூடுதல் கனம் கிடைத்தது.

அவருடைய வாதத்தின் ஓட்டம் இது. விசாரணை என்றாலே தன் தரப்பைச் சொல்லும் வாய்ப்பு அதில் அடக்கம். வக்கீல் துணை இல்லாவிட்டால் அந்த வாய்ப்பு பல நேரங்களில் வெறுமையானது. படித்தவருக்கும் சட்டத்தின் நுணுக்கம் தெரியாது. குற்றச்சாட்டு செல்லுமா, இந்தச் சாட்சியம் ஏற்கத்தக்கதா என்று அவரால் எடைபோட முடியாது. குற்றமற்றவராகவே இருந்தாலும் அதை நிறுவும் வழி தெரியாமல் தண்டனை பெறும் ஆபத்து அவருக்கு இருக்கிறது. படித்தவருக்கே இந்த நிலை என்றால் எழுத்தறியாதவர் கதி என்ன?

அதன்பிறகு சதர்லேண்ட் ஏழு வக்கீல்களின் விவகாரத்துக்கு வருகிறார். எல்லாரையும் நியமித்ததால் எவருக்கும் திட்டமான பொறுப்பு ஏற்படவில்லை. குற்றச்சாட்டு வாசிக்கப்பட்ட நாளிலிருந்து விசாரணை தொடங்கும் நாள்வரை உள்ள காலம்தான் வழக்கின் உயிர்நாடி. ஆலோசனை, புலனாய்வு, தயாரிப்பு எல்லாம் நடக்க வேண்டிய அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு எந்தத் துணையும் இல்லை. பயனுள்ள உதவி செய்ய முடியாத நேரத்தில், முடியாத சூழலில் ஒரு வக்கீலை நியமித்தால் நீதிமன்றத்தின் கடமை தீர்ந்துவிடாது. பதினான்காவது திருத்தம் மாநிலங்களிடம் கோரும் முறையான சட்ட நடைமுறை இங்கே மீறப்பட்டிருக்கிறது.

பிள்ளைகள் குற்றவாளிகளா என்ற கேள்விக்குள் உச்ச நீதிமன்றம் போகவே இல்லை. குற்றம் செய்தாரா என்று தெரிவதற்கு முன்பே வந்து சேர வேண்டிய உரிமை இது. குற்றமற்றவர் என்று தெரிந்தவருக்குத்தான் வக்கீல் என்றால், அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

லீபோவிட்ஸ் வருகிறார்

மறுவிசாரணை 1933 மார்ச் இறுதியில் டிகேட்டர் நகரில், நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் முன்னிலையில் தொடங்கியது. இம்முறை வந்த வக்கீல் நியூயார்க்கின் பேர்பெற்ற குற்றவியல் வழக்கறிஞர் சாமுவேல் லீபோவிட்ஸ். அவர் கம்யூனிஸ்ட் இல்லை. கட்டணமும் வாங்கவில்லை. கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஜூரிப் பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை என்பதை முதல் வேலையாகப் பதிவில் ஏற்றினார். ரயிலின் மாதிரி வடிவம் ஒன்றைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, யார் எந்தப் பெட்டியில் இருந்தார்கள் என்று சாட்சியைக் கேட்டார். மருத்துவரை விரிவாகக் குறுக்கு விசாரணை செய்தார். புகார் சொன்ன இருவரில் ஒருவரான ரூபி பேட்ஸ், தற்காப்புத் தரப்புச் சாட்சியாகவே வந்து, அப்படி எதுவும் நடக்கவில்லை, பொய் சொன்னேன் என்றார்.

1931-ல் கேட்கப்படாத கேள்விகள் எல்லாம் இப்போது கேட்கப்பட்டன. ஆனாலும் ஜூரி பேட்டர்சனுக்கு மீண்டும் மரணமே விதித்தது. லீபோவிட்ஸின் யூதப் பிறப்பையும் நியூயார்க்கையும் சுட்டி அரசுத் தரப்பு வக்கீல் ஒருவர் நஞ்சு கக்கியது, பன்னிரண்டு வெள்ளையர் மட்டுமே அமர்ந்த அந்த ஜூரிக்குப் போதுமாக இருந்தது.

இந்த இடத்தில் வாசகர் சிலர் கேட்கக்கூடும்: நல்ல வக்கீல் வந்தும் பயன் என்ன? பயன் உண்டு. லீபோவிட்ஸ் பதிவில் ஏற்றிய சாட்சியங்களை ஹார்ட்டன் அமர்ந்து படித்தார். விக்டோரியா பிரைஸின் வாக்குமூலத்துக்கு வேறு சான்று எதுவும் துணை நிற்கவில்லை, மருத்துவச் சான்று அதற்கு முரணாகவே இருக்கிறது என்று கண்டு, 1933 ஜூனில் ஜூரியின் தீர்ப்பைத் தள்ளி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடித்து நீதிபதி பதவியிலிருந்து இறக்கினார்கள். ஜூரிப் பட்டியல் பற்றி லீபோவிட்ஸ் எழுப்பிய ஆட்சேபம் 1935 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு பெருந்தீர்ப்பானது. கறுப்பர்களும் பட்டியலில் இருந்ததாகக் காட்டப் பிற்பாடு பெயர்கள் செருகப்பட்டிருந்ததை, நீதிபதிகள் அந்த ஏட்டைக் கையில் வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு விலக்கிய ஜூரி முறை செல்லாது என்று நாரிஸ் எதிர் அலபாமா தீர்ப்பு சொன்னது. நல்ல வக்கீல் தோற்ற இடத்திலும், அடுத்த நீதிபதி படிக்க ஒரு பதிவை விட்டுச் செல்கிறார்.

பிள்ளைகளுக்கு நியாயம் ஒரே நாளில் வரவில்லை. 1937-ல் ராய் ரைட், யூஜின் வில்லியம்ஸ், ஓலன் மாண்ட்கோமரி, வில்லி ராபர்சன் நால்வர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. ஆறு ஆண்டுகள் அவர்கள் சிறையில் கழித்திருந்தார்கள். ராய் உள்ளே போகும்போது சிறுவன். 75 ஆண்டு தண்டனை பெற்ற பேட்டர்சன் 1948-ல் சிறையிலிருந்து தப்பினார். ஆண்டி ரைட் 1950 வரை காத்திருந்தார். நாரிஸுக்கு 1976-ல்தான் அலபாமா மன்னிப்பு வழங்கியது. பேட்டர்சன், வீம்ஸ், ஆண்டி ரைட் மூவருக்கும் 2013-ல், அவர்கள் இறந்து பல்லாண்டு கழித்து, மன்னிப்பு வந்தது.

கோயம்புத்தூர் வரை வந்த வெளிச்சம்

ஸ்காட்ஸ்பரோ தீர்ப்பு நம் மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. இந்திய அரசியல் சட்டத்தின் 22(1) பிரிவு, கைது செய்யப்பட்டவருக்குத் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவரைக் கொண்டு தற்காத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. காசில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பது நியாயமான நடைமுறையின் பகுதி என்று 1978-ல் ஹோஸ்கட் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார். அந்த உதவியைக் கேட்கத் தெரியாதவருக்கும் அது உரியதே என்று 1986-ல் சுக் தாஸ் வழக்கில் நீதிபதி பி. என். பகவதி தீர்த்துச் சொன்னார். வக்கீல் வேண்டும் என்று கேட்கவில்லையே என்ற காரணத்தை நீதிமன்றம் இனிச் சொல்ல முடியாது.

பிறகு கோயம்புத்தூரில் காவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக எங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராக மாட்டார்கள் என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. ஏ. எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், 2010 டிசம்பரில், இத்தகைய தீர்மானங்கள் அரசியல் சட்டத்துக்கும் தொழில் அறத்துக்கும் முரணானவை, செல்லாதவை என்று நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அடங்கிய அமர்வு அறிவித்தது. அந்தத் தீர்ப்பில் மேற்கோளாக எடுத்தாளப்பட்டவற்றில் ஒன்று, சதர்லேண்ட் 1932-ல் எழுதிய பத்தி. அலபாமாவில் பிடிபட்ட ஏழைப் பிள்ளைகளுக்காக எழுதியது, எண்பது ஆண்டு நெருங்கும் வேளையில் கோவைக் காவலர்களைக் காக்க வந்தது. அதிகாரம் இன்று எவர் கையில் இருந்தாலும், நாளை அவரும் கூண்டில் நிற்கக்கூடும் என்பதால்தான் இந்த உரிமை ஆள் பார்த்துத் தரப்படுவதில்லை.

வன்கொடுமை வழக்கு ஒன்று செய்தியாகும்போதெல்லாம், அவனுக்கு வக்கீலே வரக்கூடாது என்ற குரல் நம் ஊர்களிலும் கேட்கிறது. அந்தக் கோபத்தின் வேர் எனக்குப் புரிகிறது. பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்க வேண்டும் என்ற துடிப்பு அது. ஆனால் தவறான ஆளைத் தண்டிப்பது பாதிக்கப்பட்டவருக்கும் செய்யும் அநீதி. உண்மைக் குற்றவாளி வெளியே நடமாட அது வழி விடுகிறது. சாட்சியத்தைத் தட்டிப் பார்க்க ஒருவர் இருந்தால்தான், தட்டியும் உடையாத தீர்ப்பை எவரும் பிறகு அசைக்க முடியாது.

ஆகவே வக்கீல் நியமிக்கப்பட்டார் என்ற ஒற்றை வரியை வழக்கு ஏட்டில் பார்த்து நிறைவடைய நமக்கு உரிமையில்லை. ஸ்காட்ஸ்பரோ கற்பித்த கேள்விகள் மூன்று. பொறுப்பேற்ற வக்கீலின் பெயர் என்ன? அவர் எப்போது வந்தார்? கட்சிக்காரரோடு எவ்வளவு நேரம் பேசினார்? இலவச சட்ட உதவியில் வழக்கு நடக்கும் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் இந்த மூன்றும் கேட்கப்பட வேண்டும்.

பவல் தீர்ப்புக்கு ஓர் எல்லை இருந்தது. மரண தண்டனைக்குரிய வழக்கில், தன்னைத் தற்காத்துக்கொள்ளத் திறனற்ற ஏழைக்கு மட்டுமே அது உறுதி தந்தது. தூக்கு இல்லாத வழக்குகளில், ஐந்தாண்டு, பத்தாண்டு சிறைக்குப் போகிற ஏழையைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. 1942-ல் மேரிலாந்தின் விவசாயத் தொழிலாளி ஒருவர் அந்தக் கேள்வியோடு வந்தபோது உச்ச நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கதவைத் திறக்க, ஃபுளோரிடா சிறையில் இருந்த ஒரு கைதி 1962 ஜனவரியில் பென்சிலை எடுத்துத் தன் மனுவைத் தானே எழுத வேண்டியிருந்தது. கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற அந்த மனிதரின் வழக்கை அடுத்த பகுதியில் பார்ப்போம்.